குலுக்கல் முறையில் என் குழந்தைக்குச் சிகிச்சையா?

பச்சிளம் குழந்தைகளைப் பற்றிய மருத்துவ ஆய்வுகள் குறித்து வாசகர்கள் எழுப்பியுள்ள கேள்விகளுக்கு, குழந்தைநல மருத்துவர் ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: எனக்கு 29ஆவது வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. மகள் இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில், இன்குபேட்டரில்தான் இருக்கிறாள். அங்குள்ள டாக்டர்கள் அவளை ஓர் ஆய்வில் சேர்த்துக்கொள்ளச் சம்மதம் கேட்கிறார்கள். இரண்டு சிகிச்சை முறைகளில் எது அவளுக்குக் கிடைக்கும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் குலுக்கல் முறையில் முடிவு செய்யுமாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. என் பிள்ளையைப் பரிசோதனை எலியாக்கப் பார்க்கிறார்களா, டாக்டர்?

பதில்: சம்மதிப்பதும் மறுப்பதும் முழுக்க முழுக்க உங்கள் விருப்பம். மறுத்தீர்கள் என்பதற்காக உங்கள் மகளுக்குக் கிடைக்க வேண்டிய கவனிப்பில் இம்மியளவும் குறையக் கூடாது. சம்மதித்த பிறகு மனம் மாறினாலும், காரணம் எதுவும் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனத்திலிருந்து இன்றுவரை மருத்துவ ஆய்வுக்கு அடித்தளமாக இருப்பது இந்த உரிமைதான். ஆகவே, இந்தப் பதிலைப் படித்து முடித்துவிட்டு நீங்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் அதில் தவறேதுமில்லை.

ஆனால் குலுக்கல் என்றதும் டாக்டர்களுக்கு உங்கள் குழந்தைமீது அக்கறையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு முறைகளில் எது நல்லது என்பது உறுதியாகத் தெரிந்திருந்தால், அதைப் பாதிக் குழந்தைகளுக்குத் தராமல் நிறுத்திவைக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. இரண்டில் எது மேல் என்பது எவருக்கும் தெரியாத நிலையில்தான் இப்படிப்பட்ட ஆய்வுக்கே இடமுண்டு. இரண்டுமே ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள முறைகளாக இருந்தால், ஆய்வில் சேராத குழந்தைக்கும் அந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கப்போகிறது. அது எது என்பதை அன்று பணியிலிருக்கும் டாக்டரின் பழக்கமோ, அந்த மருத்துவமனையின் வழக்கமோ தீர்மானிக்கும். டாக்டரே தேர்ந்தெடுத்தால், கவலைக்கிடமாக இருக்கும் குழந்தைகளைத் தம்மையறியாமல் ஒரு பக்கமும் தேறி வரும் குழந்தைகளை இன்னொரு பக்கமும் சேர்த்துவிடுவார். அப்புறம் கிடைக்கும் முடிவு சிகிச்சையால் வந்ததா, குழந்தைகளின் நிலையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் அந்தப் பொறுப்பு கம்ப்யூட்டரிடம் கொடுக்கப்படுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்காமல் அக்கறையை மட்டுமே நம்பியதால் நேர்ந்ததை எங்கள் துறையினர் மறக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். 1950களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமல் தடுப்பதற்காகப் பெனிசிலினோடு ஒரு சல்ஃபா மருந்தையும் கொடுத்து வந்தார்கள். அதை எல்லோரும் தீங்கற்றது என்றே நம்பினார்கள். நியூயார்க்கில் அதை வேறோர் ஆன்டிபயாடிக்கோடு குலுக்கல் முறையில் ஒப்பிட்டு, 1956இல் வெளியிட்ட ஆய்வு, சல்ஃபா பெற்ற குழந்தைகளே அதிகமாக இறந்ததைக் காட்டியது. காமாலையை உண்டாக்கும் பிலிருபின் என்ற நிறமி, இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டியிருக்கும் வரை மூளைக்குள் நுழையாது. சல்ஃபா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பிலிருபினை வெளியே தள்ளிவிட, அது மூளையில் போய்ப் படிந்துவிட்டது. குறைமாதக் குழந்தைகளின் மரணம் அன்றாட நிகழ்ச்சியாக இருந்த அக்காலத்தில், தம் நோயாளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எந்த டாக்டரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆக்சிஜனின் வரலாறு இதைவிடக் கொடியது. 1940களில் காற்றுப் புகாத புதிய இன்குபேட்டர்கள் வந்தபோது, குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் பிழைத்த குழந்தைகளே பார்வையிழந்தார்கள். உலகம் முழுவதும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இவ்வாறு பார்வையிழந்ததாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அதிக ஆக்சிஜன்தான் காரணமோ என்று ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கேட் கேம்ப்பெல் 1951இல் எழுதினார். அதே ஆண்டுகளில் வாஷிங்டன் நகர மருத்துவமனை ஒன்றில் இதைச் சோதித்துப் பார்க்க முயன்றபோது, குறைந்த ஆக்சிஜன் பெற வேண்டிய குழந்தைகளுக்கு இரவுப் பணியிலிருந்த நர்ஸ்கள் சிலர் யாருக்கும் தெரியாமல் ஆக்சிஜனைக் கூட்டிவைத்தார்கள். குழந்தை மூச்சுத் திணறிச் செத்துப்போய்விடக் கூடாதே என்ற தவிப்பில், அந்தக் கண்களைப் பறித்துக்கொண்டிருந்த வால்வையே அவர்கள் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். கடைசியில் 1953இல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வுதான் அதிக ஆக்சிஜனே குற்றவாளி என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவியது.

கதை அத்தோடு முடியவில்லை. பயந்துபோய் எல்லோரும் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். பார்வையிழப்பு குறைந்தது, ஆனால் மூச்சுத் திணறலால் இறப்புகள் கூடின. எவ்வளவு கொடுப்பது சரி என்ற கேள்விக்கு, 28 வாரத்துக்கு முன் பிறந்த ஏறத்தாழ 5,000 குழந்தைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2018இல் வெளிவந்த ஆய்வில்தான் ஓரளவு தெளிவான விடை கிடைத்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 85–89 சதவீதத்தில் வைத்திருந்த குழந்தைகளில் கண் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் குறைவு. ஆனால் இறந்தவர்கள் 19.9 சதவீதம். 91–95 சதவீதத்தில் வைத்திருந்த குழந்தைகளில் இறந்தவர்கள் 17.1 சதவீதம். உங்கள் மகளின் பாதத்தில் சிவப்பாக ஒளிரும் சிறிய கருவியைப் பார்த்திருப்பீர்கள். அது காட்டும் எண் எந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதை இன்று நாங்கள் அறிந்திருப்பது, உங்களைப் போலவே தூக்கமின்றித் தவித்த பெற்றோர்கள் அன்று சம்மதித்ததால்தான்.

கையெழுத்திடுவதற்கு முன் டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். இரண்டு முறைகளும் ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளவையா, ஒன்று புதியதா? ஆய்வுக்காக மட்டும் கூடுதலாக இரத்தம் எடுப்பார்களா? குழந்தையின் நிலை மோசமானால் ஆய்வு விதிகளை விலக்கிவிட்டுச் சிகிச்சையை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? ஆய்வை நடத்துபவர்களைச் சாராத கண்காணிப்புக் குழு ஒன்று இடையிடையே முடிவுகளைப் பார்த்து, தேவைப்பட்டால் ஆய்வை நிறுத்துமா? இவற்றுக்குப் பொறுமையாகவும் தெளிவாகவும் பதில் வரவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். நடு இரவில், பிரசவ அயர்ச்சியில் இருக்கும் தாயிடம் படிவத்தை நீட்டுவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். அவசரமில்லாத ஆய்வென்றால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள்.

கேள்வி: என் மகன் 1,600 கிராம் எடையில் பிறந்தான். இன்குபேட்டருக்குப் பதிலாக என் மனைவியின் நெஞ்சோடு அணைத்தே வைத்திருக்கச் சொல்கிறார்கள். கருவிகள் போதாமல் இப்படிச் சமாளிக்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. இது உண்மையிலேயே சிகிச்சைதானா?

பதில்: பற்றாக்குறையில்தான் இந்த முறை பிறந்தது என்பது உண்மை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், ஓர் இன்குபேட்டரில் பல குழந்தைகளைப் படுக்கவைக்க வேண்டியிருந்த நிலையில், எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் தாயின் உடற்சூட்டையே பயன்படுத்தத் தொடங்கினார். கங்காரு முறை என்று பெயர் பெற்ற இது, பிறகு பல ஆய்வுகளில் உரசிப் பார்க்கப்பட்டது. ஆனால் அவை பெரும்பாலும் நிலை சீரான குழந்தைகளைப் பற்றியவை. பிறந்தவுடனே, நிலை சீராகும் முன்பே அணைப்பது ஆபத்தல்லவா என்ற கேள்வி நெடுங்காலம் இருந்தது.

அதற்கு விடை காண உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, 2021இல் வெளியிட்டது. ஒரு பிரிவில் பிறந்தவுடனே அணைப்பு தொடங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தாய்க்கும் கட்டில் போடப்பட்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் குழந்தை தாயின் நெஞ்சிலேயே இருந்தது. மற்றப் பிரிவில் நிலை சீரான பிறகே அணைப்பு தொடங்கியது. முதல் 28 நாளில் இரண்டாம் பிரிவில் 15.7 சதவீதக் குழந்தைகளும், முதல் பிரிவில் 12 சதவீதக் குழந்தைகளும் இறந்தனர். வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்ததால், மேலும் குழந்தைகளைச் சேர்ப்பது முறையல்ல என்று ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். உடனடி அணைப்பால், ஏறத்தாழ 27 குழந்தைகளுக்கு ஓர் உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது என்பது இதன் பொருள். இதே அளவு பயன் தரும் மருந்து ஒன்று கடையில் விற்கப்பட்டால் நாம் அதற்கு என்ன விலையும் கொடுப்போம்.

எப்படி வைப்பது என்பதில் கவனம் தேவை. டயப்பரும் தொப்பியும் தவிர உடம்பில் வேறெதுவும் இல்லாமல், தாயின் மார்பகங்களுக்கு நடுவே குழந்தையை நிமிர்த்தி வையுங்கள். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மோவாய் நெஞ்சில் பதியாதபடி சற்றே உயர்த்தி வைத்தால்தான் மூச்சுக் குழாய் மடங்காது. கால்கள் தவளையின் கால்போல மடங்கி விரிந்திருக்க, குழந்தையின் காதுக்குக் கீழ்வரை துணியால் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் மனைவி குளிக்கும்போதும் தூங்கும்போதும் நீங்கள் முறைவைத்து அணைத்துக்கொள்ளுங்கள். தந்தையின் நெஞ்சும் அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: நான் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தால்தான் பால் கக்கினாலும் புரையேறாது என்று அன்றைக்கு டாக்டர்களே சொன்னார்கள். இப்போது என் மருமகள் பேரனை மல்லாக்கத்தான் போடுகிறாள். அதுவும் டாக்டர் சொன்னதுதானாம். இருபது வருடத்துக்கு ஒரு முறை இப்படி மாற்றிப் பேசினால் நாங்கள் எதைத்தான் நம்புவது?

பதில்: அம்மா, உங்கள் மருமகள் செய்வதுதான் சரி. நீங்கள் அன்று செய்தது தவறல்ல. உங்களுக்குச் சொன்னதைச் செய்தீர்கள். தவறு சொன்னவர்களுடையது. உங்கள் கோபத்தை நான் மதிக்கிறேன்.

குப்புறப் படுத்தால் புரையேறாது என்பது கேட்கப் பொருத்தமாக இருக்கும் ஊகம். அதை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனையில் அப்படிப் படுத்தால் மூச்சு எளிதாக இருந்ததைக் கண்டு, வீட்டிலிருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அதையே பரிந்துரைத்துவிட்டார்கள். உண்மையில் மல்லாந்து படுக்கும்போது மூச்சுக் குழாய் மேலேயும் உணவுக் குழாய் கீழேயும் இருக்கிறது. கக்கிய பால், மூச்சுக் குழாய்க்குள் போவதற்கு மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுக்கும்போதுதான் அது தலைகீழாகிவிடுகிறது. ஆரோக்கியமாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே இறந்துவிடும் துயரத்துக்கும் குப்புறப் படுப்பதற்கும் தொடர்பு உண்டு என்பதற்கான சான்றுகள் 1970 அளவிலேயே வெவ்வேறு கட்டுரைகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் இல்லை. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் ‘மல்லாக்கப் படுக்கவையுங்கள்’ என்ற பிரசாரம் தொடங்கிய பின், சில ஆண்டுகளிலேயே இத்தகைய இறப்புகள் பாதிக்கும் மேல் குறைந்தன. பழைய ஆய்வுகளை முறையாகத் தொகுத்து 2005இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, 1970இலேயே அவற்றைத் தொகுத்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000 வரையிலும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளைச் சேர்த்து 50,000க்குக் குறையாமலும் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த எண்ணைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். ஆலோசனை மாறுகிறது என்பதல்ல, எதன் அடிப்படையில் சொல்கிறார்கள் என்பதுதான் முக்கியம். முந்தைய ஆலோசனை ஊகத்தில் நின்றது. இப்போதைய ஆலோசனை பல நாடுகளின் அனுபவத்தில் உரசிப் பார்க்கப்பட்டது. பேரனை, உறுதியான, சமமான படுக்கையில், தலையணையோ மெத்தென்ற பொம்மையோ இல்லாமல் மல்லாக்கப் போடுங்கள். ஒருக்களித்துப் படுக்கவைப்பதும் வேண்டாம், எளிதில் குப்புறப் புரண்டுவிடும். குழந்தை இருக்கும் வீட்டில் எவரும் புகைபிடிக்கக் கூடாது. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். கழுத்தும் தோளும் வலுப்பெற அது அவசியம்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. நன்றாக உட்காருகிறாள், ஆனால் தவழவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை ஏழு மாதத்திலேயே தவழ்ந்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

பதில்: இதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட அளவுகோலின்படி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் வயது ஏறத்தாழ 5 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை பரந்திருக்கிறது. தனியே நடப்பது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. அந்தக் குழந்தைகளில் 100க்கு 4 பேர் தவழாமலே எழுந்து நடந்துவிட்டனர். ஆனால் ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்துவது, உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருப்பது, ஒலிக்குத் திரும்பாதது, முன்பு செய்யத் தெரிந்ததைச் செய்யாமற்போவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ‘தாய்ப்பால் குடித்த குழந்தைகள் அதிபுத்திசாலிகள்: ஆய்வில் தகவல்’ என்று செய்தி வருகிறது. எனக்குப் பால் போதாமல் ஆறு வாரத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. என் மகனின் அறிவைக் கெடுத்துவிட்டேனோ என்ற குற்ற உணர்ச்சி வாட்டுகிறது.

பதில்: இல்லை. அந்தச் சுமையை இறக்கி வையுங்கள். இப்படிப்பட்ட செய்திகளில் பெரும்பாலானவை, தாய்ப்பால் குடித்த குழந்தைகளையும் குடிக்காத குழந்தைகளையும் அப்படியே எடுத்து ஒப்பிட்டவை. நீண்ட காலம் பால் கொடுக்க முடிகிற தாய்க்குப் பல இடங்களில் கல்வியும் வருமானமும் ஓய்வும் கூடுதலாக வாய்த்திருக்கும். மகனின் மதிப்பெண்ணை உயர்த்தியது பாலா, அந்த வசதியா என்று அந்த ஒப்பீட்டால் சொல்ல முடியாது.

குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்காதே என்று குலுக்கிப் போட்டு எந்தத் தாயிடமும் சொல்லக் கூடாது. பெலாரஸ் நாட்டில் 1996இல் தொடங்கிய ஆய்வு இதற்கு நேர்மையான ஒரு வழியைக் கண்டது: தாய்மார்களை விட்டுவிட்டு மருத்துவமனைகளைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியில் மட்டும் தாய்ப்பாலுக்குக் கூடுதல் ஊக்கமும் உதவியும் தந்தார்கள். 17,046 குழந்தைகள் அதில் இருந்தனர். ஊக்கம் பெற்ற பகுதியில், முதல் ஆண்டில் வயிற்றுப்போக்கு போன்ற குடல் தொற்று வந்த குழந்தைகள் 9.1 சதவீதம், மற்றப் பகுதியில் 13.2 சதவீதம். ஆறரை வயதில் மொழித் திறனில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. 16 வயதில் அது பெரும்பாலும் மறைந்து, மொழித் திறனில் சிறு வேறுபாடு மட்டுமே எஞ்சியது. உடல் பருமனை இந்த ஊக்கம் தடுக்கவில்லை. தாய்ப்பாலுக்கு ஈடில்லை என்றே நானும் ஒவ்வொரு தாயிடமும் சொல்கிறேன்; தொற்றிலிருந்து அது தரும் காப்புக்காகவே அதைச் சொல்லலாம், அதிபுத்திசாலி என்ற ஆசை காட்ட வேண்டியதில்லை. பால் போதவில்லை என்று நீங்கள் தவித்தபோது உங்களுக்கு உதவ யாரும் இல்லாமற்போனது உங்கள் குற்றமாகாது.

கேள்வி: குறைமாதத்தில் பிறந்த எங்கள் மகன் ஓர் ஆய்வில் இருந்தான். இப்போது இரண்டு வயதாகி ஓடியாடுகிறான். மறுபடியும் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். நன்றாக இருப்பவனை எதற்காக அலைக்கழிக்க வேண்டும்?

பதில்: உங்கள் மகன் நன்றாக இருப்பதாலேயே தயவுசெய்து அழைத்துச் செல்லுங்கள். மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளில் தெரியும் பயன் கடைசிவரை நிற்கும் என்று உறுதியில்லை. செயற்கை சுவாசத்திலிருந்து சீக்கிரம் விடுவிப்பதற்காகப் பிறந்த முதல் சில நாட்களில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, நுரையீரல் தேறியது உண்மை. ஆனால் 1990களின் இறுதியிலிருந்து வந்த தொடர் ஆய்வுகள், அக்குழந்தைகளில், மூளைப் பாதிப்பால் கை கால் இயக்கம் குன்றும் மூளை முடக்குவாதம் கூடுதலாக இருப்பதைக் காட்டின. இரண்டு வயதில் அழைத்துப் பார்த்திருக்காவிட்டால் அந்தப் பழக்கம் தொடர்ந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் காஃபின். மூச்சு விட மறந்துபோகும் குறைமாதக் குழந்தைகளுக்கு அதைக் கொடுப்பது நல்லதா என்பதை அறிய 2,006 குழந்தைகளோடு நடந்த ஆய்வில், காஃபின் பெற்றவர்களின் எடை முதல் சில வாரங்களில் சற்று மெதுவாகவே ஏறியது. அத்தோடு நிறுத்தியிருந்தால் கவலைதான் மிஞ்சியிருக்கும். ஒன்றரை வயதைத் தாண்டி மீண்டும் பார்த்தபோது, மூளை முடக்குவாதம் காஃபின் பெற்றவர்களில் 4.4 சதவீதமாகவும் பெறாதவர்களில் 7.3 சதவீதமாகவும் இருந்தது. 11 வயதிலும் அவர்களின் கை கால் இயக்கம் மேலாகவே இருந்தது.

நலமாக இருக்கும் குழந்தைகள் வராமல், சிரமப்படும் குழந்தைகள் மட்டுமே வந்தால் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நல்ல சிகிச்சையைக் கெட்டது என்று தள்ளிவிட நேரலாம், நேர்மாறாகவும் நடக்கலாம். பரிசோதனை பெரும்பாலும் கட்டை அடுக்குவது, படம் பார்த்துப் பெயர் சொல்வது, படியேறுவது போன்றவைதான். உங்கள் மகன் தூங்கியெழுந்து வயிறு நிறைந்திருக்கும் வேளையாகப் பார்த்து நேரம் கேளுங்கள். பயணச் செலவைத் தருவார்களா என்று கூச்சப்படாமல் விசாரியுங்கள். முடிவுகளை உங்களிடம் விளக்கிச் சொல்லும்படியும் கேளுங்கள்; பேச்சிலோ பார்வையிலோ செவித்திறனிலோ சிறு குறை இருந்தால், இந்த வயதில் தெரியவருவது அவனுக்கே பெரும் பயனளிக்கும். வீடு மாறினால் புதிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஆய்வுக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். அவன் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் ஒரு முறை அழைப்பார்கள்.